ஆறு அங்குலத் தகராறு

நாவலாசிரியன் ஒருவன் விளையாட்டுக்குச் சட்டம் எழுதினால் எப்படி இருக்கும்? தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புஸ்தகத்தைப் படித்துப் பார்க்கலாம். கால யந்திரத்தையும் செவ்வாய்க் கிரகத்துப் படையெடுப்பையும் கற்பனை செய்தாரே, அதே வெல்ஸ்தான். ஆனால் இதில் அவர் எடுத்துக்கொண்ட காரியம் அவற்றைவிடச் சிரமமானது என்பது என் கட்சி. இரண்டு பேர் தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி யுத்தம் செய்ய வேண்டும். யுத்தம் முடிந்தபின் நண்பர்களாகவே எழுந்துபோக வேண்டும். அதற்கு வழி சொல்ல வந்தவர் அவர்.

விளையாட்டு பிறந்த கதை ரசமானது. ஸாண்ட்கேட் என்ற கடற்கரை ஊரில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜே.கே.ஜே. என்று எழுத்துக்களால் மட்டும் வெல்ஸ் குறிப்பிடும் ஒரு நண்பர், ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியை எடுத்து ஓர் ஈயச் சிப்பாயைக் குறிபார்த்துச் சுட்டார். வந்தது வினை! கட்டைகளால் வீடுகள் எழுந்தன. நடுவே திரை கட்டிப் படைகளை மறைத்து அணிவகுத்தார்கள். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி, குதிரைப்படை இரண்டு அடி என்று ஏற்பட்டது. இதில் பகடை கிடையாது. பீரங்கியிலிருந்து சின்ன மரக்குச்சி நிஜமாகவே பாயும், விழுந்தவன் செத்தான்.

இதுவரை எல்லாம் சுலபம். விதிகள் தனித்தனியாக இருக்கும்வரை பரம சாதுக்கள். ஒன்றோடொன்று சந்திக்கும்போதுதான் வம்பு.

ஓர் உதாரணம் பாருங்கள். பீரங்கியைச் சுட வேண்டுமானாலும் நகர்த்த வேண்டுமானாலும், அதற்கு ஆறு அங்குலத்துக்குள் சொந்தக்காரனின் ஆட்கள் நால்வராவது இருக்க வேண்டும். இது ஒரு விதி. பகைவர் நால்வர், தாங்கள் முன்னேறும் திசையிலேயே அதன் சக்கர அச்சைத் தாண்டிப் போய்விட்டால் பீரங்கி அவர்களுடையது. இது இன்னொரு விதி. இரண்டும் நியாயந்தான். இப்போது என் ஆட்கள் எல்லோரும் மடிந்து, ஒரே ஒருவன் மட்டும் பீரங்கியின் பின்புறம் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள்; ஆனால் அந்த ஒருவன் அவர்கள் கைக்கு எட்டவில்லை. பீரங்கி யாருடையது? "சுட முடியாத பீரங்கி உனக்கு எதற்கு?" என்பீர்கள் நீங்கள். "என் ஆள் இன்னும் நிற்கிறானே!" என்பேன் நான். இரண்டு வாதத்திலும் சாரம் இருக்கிறது.

சாதாரணமாகச் சட்டம் எழுதுகிறவன் இங்கே யாராவது ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுவான். வெல்ஸ் சொல்லவில்லை. அந்த ஒருவன் ஆறு அங்குலத்துக்குள் இருக்கும்வரை பீரங்கி தகராறில் இருக்கிறது என்கிறார். அவனும் சுடக்கூடாது, இவனும் தொடக்கூடாது. அவன் போன பிறகு, அச்சையும் தாண்டிய பிறகுதான் அது கைமாறும்.

புஸ்தகத்தின் மிக உயர்ந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தகராறு வந்தால் அது சட்டத்துக்கு அவமானம் என்று பலர் எண்ணுகிறார்கள். வெல்ஸ் தகராறுக்கே ஒரு பெயரும் ஓர் எல்லையும் கொடுத்து, அதையும் விளையாட்டில் ஒரு கட்டமாக்கிவிட்டார்.

இதன் அருமை எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு தொடர்கதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் வீட்டுக்குக் கொல்லைக் கதவே இல்லை என்று எழுதியிருந்தேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் திருடன் கொல்லைக் கதவு வழியாக ஓடினான். ஒரு வாசகி கடிதம் போட்டுக் கேட்டார். நான் தவறை ஒப்புக்கொள்ளாமல், இடையில் கதவு வைக்கப்பட்டதாக ஒரு வரி சேர்த்தேன். அப்படியானால் தச்சனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கடிதம் வந்தது. அந்தக் குடும்பத்தின் வறுமைதான் கதையே! ஓட்டையை அடைக்கப் போடும் விதி இரண்டு ஓட்டைகளைத் திறக்கும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

மற்றவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட யுத்த விளையாட்டில் பகடையும் கணக்கு அட்டவணைகளும் உண்டு; மத்தியஸ்தரும் உண்டு. 1876-இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு மத்தியஸ்தரின் அனுபவமே போதும் என்றார். ராணுவத்துக்கு அது சரி. வீட்டில் மத்தியஸ்தருக்கு எங்கே போவது? 1983-இல் தோன்றிய 'வார்ஹாம்மர்' வம்சத்து விளையாட்டுக்களில் ஒவ்வொரு வீரனுக்கும் தனிச் சக்திகள். இரண்டு சக்திகள் ஒரே கணத்தில் விழித்துக்கொண்டால் எது முந்தி? யாருடைய முறை நடக்கிறதோ அவரே வரிசையைத் தீர்மானிக்கட்டும் என்று 2017-ஆம் வருஷப் பதிப்பு ஒன்று சொல்லிற்று. எதற்கும் ஒப்பாவிட்டால் பகடையை உருட்டிவிட்டு மேலே போங்கள் என்ற யோசனையும் அந்த வம்சத்தில் உண்டு. பொழுது மிச்சமாகும், வாஸ்தவம். ஆனால் பகடை வழக்கை முடிக்கிறதே தவிர, கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

வெல்ஸின் விதிகளில் மனித சுபாவம் தெரிகிறது. கைகலப்பில் ஆளுக்கு ஆள் மடிய வேண்டும். ஆனால் துணையில்லாமல் தனித்துவிட்ட ஒன்பது பேரைப் பதினொருவர் தாக்கினால், இருபுறமும் ஏழு ஏழு பேர் விழுவார்கள். மிஞ்சிய இருவர் எதிரே நால்வரைப் பார்த்துச் சரணடைவார்கள். இரண்டு பங்கு பகைவரைக் கண்டால் கை தூக்குவது இயற்கைதானே? கணக்காக எழுதப்பட்ட சிறுகதை இது.

குறை இல்லாமலும் இல்லை. குச்சி ஒருவனைத் தொட்டும் அவன் விழாவிட்டால், அதே குச்சி முன்பே யாரையும் கொல்லாத பட்சத்தில், அவன் செத்தவனே என்கிறார். தொட்டதை யார் பார்த்தது? அதற்கு அளவுகோல் கிடையாது. சுட்டவனின் கண்ணையும், இழந்தவனின் யோக்கியதையையும் நம்பித்தான் அந்த விதி நிற்கிறது. இந்த ஓட்டையை வெல்ஸ் அடைக்கவில்லை. யாராலும் அடைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெண்களில் கெட்டிக்காரிகளை மட்டும் ஆட்டத்துக்கு அழைக்கும் தலைப்பையும் நான் மன்னிப்பதாக இல்லை.

யுத்த வெறி பிடித்த ராஜாக்களை ஒரு பெரிய மண்டபத்தில் பொம்மைகளோடு விட்டுவிட்டால் உலகம் நிம்மதியாக இருக்கும் என்று கடைசியில் சொல்கிறார். அடுத்த வருஷமே, 1914-இல், மகா யுத்தம் வந்தது. வெல்ஸே தம் பேனாவால் அதை ஆதரித்து எழுதினார். சட்டம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலென்ன? நாளைக்கும் சேர்ந்து விளையாட வேண்டும் என்ற ஆசை எதிரே இருப்பவனுக்கும் இருந்தால்தான் அது செல்லும். அந்த ஆசை இருக்கும் வீட்டில் ஆறு அங்குலம் போதும். இல்லாத இடத்தில் ஒரு கண்டமே போதவில்லை.