சிங்கத்தை விடுங்கள், குள்ள நீர்யானையைப் பாருங்கள்!

சுவிஸின் பாசல் நகரப் பெரிய ரயில் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான் மிருகக்காட்சிசாலை. 1874இல் திறந்தது. ஊர்க்காரர் செல்லமாக ‘ட்சொல்லி’ என்பார்கள். உள்ளே நுழைந்ததும் கூட்டம் சிங்கத்தையும் கொரில்லாவையும் தேடி ஓடும். ஓடட்டும்! நான் நேரே போய் நிற்பது குள்ள நீர்யானையின் முன்னால்தான்.

அதுவொரு அழகு ஐயா! கறுத்த தோல் எப்போதும் ஈரமாய் மினுங்கிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீர் இல்லை அது. தோலிலிருந்தே கசியும் ஒரு திரவம் உடம்பைக் காய விடாமல் காக்கிறது. தண்ணீருக்குள் முங்கும்போது மூக்கைக் கவனியுங்கள்: இரண்டு துவாரமும் சட்டென்று மூடிக்கொள்ளும். மேலே வந்ததும் ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சு, காதுகள் படபடவென்று உதறல். பிறகு வாலைச் சுழற்றிச் சாணத்தை நாலாபுறமும் விசிறும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை வேண்டுமா!

பெரிய நீர்யானை ஒன்றரை டன் தேறும். இது அதிகம் போனால் 275 கிலோ, உயரம் நம் இடுப்பளவு. அது கூட்டமாய் ஆற்றில் கிடக்கும். இது தனிக்காட்டு ராஜா, இரவில்தான் நடமாட்டம்.

1928 முதல் இவை பாசலில் இருக்கின்றன. எனக்குப் பெருமை பிடிபடாத விஷயம் இன்னொன்று. உலகக் காட்சிசாலைகளில் வாழும் குள்ள நீர்யானைகளின் வம்சப் பதிவேடு 1975 முதல் இந்த ஊரில்தான் பராமரிக்கப்படுகிறது. எது எங்கே பிறந்தது, தாய் யார், தகப்பன் யார், எதை எதோடு சேர்த்தால் நெருங்கிய இரத்தம் கலக்காது, எல்லாம் அதில் அடக்கம். நம் ஊர்க் கல்யாணத் தரகர்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பொருத்தம் பார்க்க மாட்டார்.

காட்சிசாலைகளில் பிறக்கும் குட்டிகளில் ஆண் சுமார் 42 சதவீதம்தான்! ஏன் என்று பெர்லின் ஆய்வாளர்கள் தேடினார்கள். ஆணின் விந்திலேயே பெண்குட்டிக்கான அணுக்கள் கூடுதல் என்று 2012இல் எழுதினார்கள். போட்டிக்கு ஆண்பிள்ளைகள் பெருகாமல் தகப்பனே பார்த்துக்கொள்கிறானோ என்று ஓர் ஊகம். கெட்டிக்காரன்!

காட்டில் நிலைமை இவ்வளவு குதூகலமாக இல்லை. ஜெனீவா ஏரிக்கரையில் கிளாந்து என்ற சிற்றூரில் இருக்கும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் கணக்கில் வளர்ந்தவை 2,500ஐ எட்டாது. லைபீரியா, சியரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட், இந்த நாலு நாடுதான் வீடு. ஐவரி கோஸ்டின் தாயி தேசியப் பூங்கா முக்கியமான புகலிடம். 1982 முதல் யுனெஸ்கோ உலக மரபிடம். அந்த நாட்டில் 1951இலேயே சுவிஸ்காரர்கள் ஓர் ஆய்வு மையம் தொடங்கிவிட்டார்கள். இருட்டில் ஒளிந்து திரியும் பிராணியை நேரில் காண்பது குதிரைக்கொம்பு. அதனால் மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராவும் சேற்றில் பதிந்த கால்தடமும் சாணமும்தான் ஆய்வாளர்களுக்குத் துணை. பூங்காவைச் சுற்றிய காடெல்லாம் மரம் வெட்டியும் கோக்கோ நட்டும் கரைந்துபோயிற்று. உலகத்திலேயே அதிகம் கோக்கோ விளைவது அந்த நாட்டில்தான். நாம் இங்கே வாய் நிறையத் தின்னும் சாக்லேட்டுக்கும் அதில் பங்குண்டு.

தாய்லாந்தின் மூ டெங் குட்டியைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து உருகினீர்களே, அதன் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சூரிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். இந்த ஞாயிறே கிளம்புங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு!