அசல் என்பது எது?

டெல்லிக் குளிர்காலத்தில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புகளுக்கு நம்மில் பலர் குழந்தைகளோடு போயிருப்போம். பளபளன்னு நிற்கும் வண்டிக்குப் பரிசு. நாமும் கைதட்டிவிட்டு வருவோம். அங்கே பாகங்களின் அசல்தன்மைக்கு மதிப்பெண் போடுகிற முறைதான் எனக்கு உறுத்துகிறது.

நடுவர்களின் கண் கூர்மையானது, ஒப்புக்கொள்கிறேன். குரோம் பூச்சு கார்களில் பரவியதே 1920களின் கடைசியில்தான். ஆகவே 1924-ம் வருஷத்து ரேடியேட்டர் குரோமில் மின்னினால் தப்பு, நிக்கல் இருக்க வேண்டும். அந்த வண்டியில் நட்சத்திரத் தலைத் திருகு இருந்தாலும் மாட்டிக்கொள்வோம். அது 1930களில் வந்த சரக்கு.

இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் நண்பர் ஒருவரின் வண்டியில் வினையாயிற்று. அவருடைய அப்பா ஓட்டிய 1954 மாரிஸ் மைனர். பானெட்டைத் திறந்ததும் டைனமோவில் லூகாஸ் டிவிஎஸ் முத்திரை. சென்னையில் அந்தக் கம்பெனி ஆரம்பித்ததே 1961-ல். மார்க் போச்சு! நண்பர் இங்கிலாந்திலிருந்து பழைய டைனமோ ஒன்றை வரவழைத்து மாட்டினார். அடுத்த முறை மார்க் கிடைத்தது. "பழசு எங்கே சார்?" என்றேன். "கபாடிக்காரனிடம் போட்டுட்டேன்" என்றார்.

யாருடைய வண்டியிலோ ஓடிய டைனமோ அசலாம். இதே வண்டியில் முப்பது வருஷம் உழைத்தது போலியாம்!

1990-ல் லண்டன் நீதிமன்றம் இதே சிக்கலை அலசியது. 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' பென்ட்லியை ஒரு கோடி பவுனுக்குப் பேசிவிட்டு, வாங்கியவர் பின்வாங்கினார். பந்தயத்தில் ஓடிய பாகங்கள் அதில் கொஞ்சம்தான் மிச்சம். நீதிபதி ஆட்டன், பாகங்கள் அசல் இல்லாவிட்டாலும் தொடர்ந்து வாழ்ந்து மாறிய அதே கார்தான் இது என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் இதையே சாக்காக வைத்து, நம்பர் தகடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் காரே கட்டுகிறவர்களும் உண்டு. அதனால் எந்தப் பாகம் எப்போது மாறியது என்பதற்கு ரசீதோ புகைப்படமோ கேட்கத்தான் வேண்டும்.

உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா, 2012-ல் ஏற்ற டூரின் சாசனத்தில், புதுப்பிப்பதைவிடக் காப்பதே முதன்மை என்று சொல்லிவிட்டது. 2024-ல் பெப்பிள் பீச்சின் தலைப் பரிசும், புதுப்பிக்காமல் காத்து வைத்திருந்த 1934 புகாட்டி டைப் 59-க்கே போயிற்று. காப்பு வகை வண்டி அங்கே அப்பரிசை வென்றது அதுவே முதல் தடவை. நம் ஊர் மதிப்பெண் தாளிலும் 'இந்த வண்டியோடு வாழ்ந்த பாகம்' என்று தனியாக ஒரு கட்டம் போடலாம். ஆதாரம் இருந்தால் மார்க்.

நண்பரிடம் அந்த டைனமோ வாங்கிய ரசீது மட்டும் இன்னும் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்தோடு.