எல்லை வகுத்தவரும் ஏடு தொகுத்தவரும்

ஜான் ஆஸ்டின் இல்லாத சட்டவியல் பாடநூலை நான் பார்த்ததில்லை. சட்டவியலின் எல்லை எது என்று வரையறுப்பதற்காகவே 1832இல் ஒரு நூல் எழுதியவர் அவர். இறையாண்மை உடையவர் இடும் கட்டளையே சட்டம், மீறினால் தண்டனை உண்டு என்றார். இருக்கும் சட்டத்தை ஆராய்வது சட்டவியல். அது எப்படி இருக்க வேண்டும் என்பது வேறு துறை. பெற்றோர் பிள்ளைக்கும் எசமானர் வேலையாளுக்கும் இடும் கட்டளைகளை அவர் சமூக ஒழுக்கத்தின் பக்கம் ஒதுக்கினார்.

இந்தப் பிரிப்பில் பயன் இருக்கிறது. சட்டம் என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்று அது கற்றுத்தருகிறது. பெண்களுக்கு அந்தத் தெளிவு தேவை. என் கேள்வி, வீட்டு வாசலில் போடப்பட்ட கோட்டைப் பற்றியது.

அந்த நூல் நம் கைக்கு வந்த கதையிலேயே பதிலின் பாதி இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழக வகுப்புக்கு மாணவர் வரத்துக் குறைந்ததால் ஆஸ்டின் பேராசிரியர் பதவியை விட்டார். உடல்நலமும் மனநலமும் ஒத்துழைக்கவில்லை. நூலைத் திருத்தி மறுபடி வெளியிடவும் அவரால் முடியவில்லை. மனைவி சாரா ஆஸ்டின் ஜெர்மன், பிரெஞ்சு நூல்களை மொழிபெயர்த்துச் சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கினார். 1859இல் கணவர் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற விரிவுரைக் குறிப்புகளைத் தொகுத்து 1861இலும் 1863இலும் பதிப்பித்தார். ஆஸ்டினின் புகழ் பரவியது அதன் பிறகுதான்.

அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஆள் கணவன். மொழிபெயர்ப்பில் சாரா ஈட்டிய பணமும் பொதுவிதிப்படி கணவனுக்கே உரியது. மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுடையது என்ற சட்டம் 1870இல்தான் வந்தது. சாரா 1867இலேயே இறந்துவிட்டார். வீட்டுக்குள் ஆணுக்கு இருந்த அதிகாரம் சமூக ஒழுக்கம் மட்டுமல்ல. அரசின் சட்டமே அதை அவன் கையில் கொடுத்திருந்தது.

இந்தக் கோடு நம் நாட்டிலும் அழியவில்லை. பிரிந்துபோன துணை திரும்பி வந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று நீதிமன்றத்தில் ஆணை கேட்க இந்து திருமணச் சட்டம், 1955இன் 9ஆவது பிரிவு வழி செய்கிறது. இந்தப் பரிகாரம் இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்தது. அங்கே 1970இலேயே ஒழித்துவிட்டார்கள். 1983இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி இப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தார். கணவன், மனைவி இருவருமே கேட்கலாம் என்று சட்டம் சொன்னாலும், கருவைச் சுமக்கும் உடல் பெண்ணுடையது என்பதை அவர் கணக்கில் எடுத்தார். அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் மாறாகச் சொன்னது: வீட்டின் அந்தரங்கத்துக்குள் அரசியலமைப்புச் சட்டத்தைக் கொண்டுவருவது பொருந்தாது. 1984இல் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவு செல்லும் என்றது.

அந்த டெல்லித் தீர்ப்பின் தர்க்கம் எனக்கு விளங்கவில்லை. திரும்பி வா என்று மனைவிக்கு ஆணையிடுவது நீதிமன்றம். பணியாவிட்டால் அவள் சொத்தை ஜப்தி செய்யலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். கட்டளையும் இருக்கிறது, அதன் பின்னால் தண்டனையும் இருக்கிறது. ஆஸ்டின் வகுத்த இலக்கணப்படியே இது சட்டம். ஆக, சட்டம் ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் நிறுத்தப்பட்டது அவளுடைய சமத்துவ உரிமையும் தனியுரிமையும்தான்.

சட்டவியலின் பரப்பு எது என்ற கேள்வியைத் தேர்வுக்கான ஐந்து மதிப்பெண் வினாவாக விட்டுவிட எனக்கு மனமில்லை. எதைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே என்று சொல்கிறோமோ, அங்கே நடப்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. சட்டம் படிக்கும் பெண்கள் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்யும்போதே, கோட்டுக்கு அந்தப் பக்கம் யாருடைய உடலும் உழைப்பும் விடப்பட்டன என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியும் சட்டவியல்தான். ஆஸ்டினின் பெயருக்குப் பக்கத்தில் சாராவின் பெயரையும் எழுதிக்கொள்வது அதற்கு நல்ல தொடக்கம்.