விரல் காற்றைத் தொடும் இடம்

ராயபுரத்தில் பேண்டு செட்டில் பல வருடம் சாக்ஸபோன் ஊதிய ஒருவர், கிளாரினெட்டும் வாசிக்கலாம் என்று கையில் எடுத்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே தடுமாறிப் போவார். சாக்ஸில் இடது கட்டைவிரல் சாவியை அழுத்தினால் கீழ் ஷட்ஜம் மேல் ஷட்ஜமாகிவிடும். கிளாரினெட்டில் அப்படி அழுத்தினால் மேல் ஷட்ஜத்தையும் தாண்டி அதன் பஞ்சமம் வந்து நிற்கும். சாக்ஸின் உட்குழல் கூம்பு. கிளாரினெட்டின் குழல் பெரும்பகுதி ஒரே அகலம், ஊதும் முனை அடைபட்ட முனைபோல் நடந்துகொள்ளும். அந்த வெல்வெட்டுப் போன்ற அடிக்குரலும் இதிலிருந்தே பிறக்கிறது.

கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே தாண்டுவதற்கு முன் நடுவில் தொண்டை ஸ்வரங்கள் என்று சில உண்டு. அவற்றில் பி-ஃப்ளாட் எப்போதும் கொஞ்சம் மங்கல். மேலே தாண்டத் திறக்கிற சின்னத் துளையே இந்த ஸ்வரத்துக்கும் வாசல். ஒரு துளைக்கு இரண்டு வேலை. கருவி வாங்கத் துணைக்கு அழைத்தால் நான் முதலில் கேட்பது இந்த ஸ்வரத்தைத்தான். இங்கே குரல் கம்மாத கருவி மற்ற இடங்களில் ஏமாற்றுவது அபூர்வம்.

ஆனால் என்னை உருக வைப்பது அந்தத் துளைகள். சாக்ஸில் எல்லாத் துளையையும் பேடு மூடிக்கொள்கிறது. விரலுக்கும் காற்றுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிறது. கிளாரினெட்டில் ஏழு துளைகளை விரல் சதையே அடைக்கிறது. பாதி திறந்து, மெல்ல விலக்கி, ஸ்வரத்தை வழுக்கி எடுக்கலாம். நாகஸ்வரம் கற்று வந்த ஏ.கே.சி. நடராஜன் கைகளில் இது முழுக் கச்சேரி வாத்தியமானதில் ஆச்சரியம் என்ன? 2008-ல் அவருக்கு சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ.

நம் பக்கத்துக் கருவிச் சோதனைக்கு நம் பக்கத்திலேயே பாட்டு இருக்கிறது. திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் பாடிய பஞ்சரத்தினத்தில் ஒன்று பேகடா. அந்த ராகத்தின் மத்திமமும் நிஷாதமும் வெறும் சாவிக்கு அடங்குமா? விரல் துளையோரத்தில் தயங்கி நின்றால்தான் அந்த அசைவு வரும். சாக்ஸ்காரர் இங்கே புதிதாக வாயைப் பழக்குவார், விரலைப் பழக்குவார். பலன் இந்த அசைவு.

மரமா, பிளாஸ்டிக்கா? காசிமேட்டு வெயிலில் ஊர்வலம் போகிறவருக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கே சரி. ஈட்டி இனத்து ஆப்பிரிக்க மரம் திடீரென்று காய்ந்தால் வெடிக்கும். எதுவானாலும் உப்புக்காற்றில் எஃகு ஸ்பிரிங் துருப்பிடிக்கும். துளி எண்ணெய் தேவை.

கடைசியாக ஒன்று. மேல் பாகத்தை மட்டும் எடுத்து, துளைகளை எல்லாம் விரலால் மூடி, அடி முனையை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சிப் பாருங்கள். கசிவில்லாத கருவி உதட்டைப் பிடித்து நிற்கும். விரலை எடுத்ததும் ‘டப்’ என்று சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.