நெடுஞ்சாலையும் பொதுநலனும்

1958இல் இலங்கையின் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. 1979இல் தனியாருக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. போட்டி சேவையை வளர்க்கும் என்பதே அன்று கூறப்பட்ட நியாயம். இலாபம் பயணிகள் நெருங்கிய பாதையையே நாடும் என்பதை அது கணக்கிலெடுக்கவில்லை.

நகர நெடுஞ்சாலைகளுக்குத் தனியார் முதலீட்டை அழைப்போரும் அந்நியாயத்தையே முன்வைக்கின்றனர். சுங்கக் கட்டணத்தால் முதலை மீட்பவனுக்கு வாகனங்கள் பெருகுவதே ஆதாயம். நிலைபேறான போக்குவரத்துக்கோ அவை குறைவதே தேவை. இம்முரண்பாட்டை அவர்கள் பேசுவதில்லை.

வற்றாப்பளைப் பொங்கலன்று முள்ளியவளை வீதியிற் பேருந்துகள் நிறையும். ஏனைய நாள்களில் மாணவரையும் நோயாளரையும் ஏற்றிச் செல்வதில் எவருக்கு இலாபம்? அந்நாள்களுக்கும் பொறுப்பேற்பதே பொதுப் போக்குவரத்து. இலண்டனில் 2003இல் தொடங்கிய நெரிசற் கட்டணத்தின் நிகர வருவாய் போக்குவரத்துக்கே உரியது. தனியார் முதலை ஏற்பதாயின், சுங்க வருவாயில் ஒரு பங்கு கிராமப் பேருந்துக்கென ஒப்பந்தத்திலேயே விதித்தல் வேண்டும்.