'பதேர் பாஞ்சாலி'யில் தந்தையும் மகனும்: காட்டுவழி நடையும் பெயரறிதலும்

விபூதிபூஷண் பந்தோபாத்யாய (1894–1950) இயற்றிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்கப் புதினம் 1929-இல் நூல்வடிவம் பெற்றது. ஆர். சண்முகசுந்தரத்தின் மொழிபெயர்ப்பால் தமிழுக்கும் அது அறிமுகமானது. எனினும் புதினத்தின் பெயரைக் கேட்டதும் பலர் மனத்தில் தோன்றுவது சத்யஜித் ராயின் திரைப்படக் (1955) காட்சியே. நாணற்பூ வெளியில் துர்காவும் அப்புவும் ரயில் காண ஓடுகின்றனர். இதனால் அப்புவை இயற்கையிடம் அழைத்துச் சென்றவள் தமக்கை மட்டுமே என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. மூலநூல் தந்தைக்கும் அதில் பங்களிக்கிறது.

ஊரைத் தாண்டி அப்பு முதலில் செல்வது தந்தை ஹரிஹரனுடன்தான். சரசுவதி பூசை நாளில் பனங்காடையைக் காண, பாழடைந்த அவுரித் தொழிற்சாலை வெளிக்கு ஊரார் சிலருடன் அவர்கள் நடக்கின்றனர். வழியில் புதரிலிருந்து முயலொன்று பாய்ந்தோடுகிறது. அரிச்சுவடியில் படமாக மட்டுமே கண்டிருந்த உயிர் கண்முன் ஓடுவதைச் சிறுவனால் நம்ப இயலவில்லை. தந்தை அதன் பெயரைச் சொல்கிறார். பூனைக்காலிக் காயைத் தொடாதே என்றும் தடுக்கிறார். பெயரும் எச்சரிக்கையும் தந்தையின் கொடை, வியப்பு மகனுடையது. பெரியவர்கள் பறவையைத் தேடி வந்தனர். சிறுவனுக்கோ முயலே போதுமானதாயிற்று. அகப்பாடல்களில் கருப்பொருள் பெரும்பாலும் உரிப்பொருளுக்குத் துணைநிற்கும். இங்கு முயல் எதற்கும் குறியீடாகாமல் முயலாகவே நிற்பது கருதத்தக்கது.

பின்னொருநாள் தந்தையுடன் வெளியூர் செல்லும் அப்பு, இருப்புப்பாதையைக் கண்டு, ரயில் வரும்வரை நிற்க வேண்டுகிறான். நேரமில்லை, திரும்பும்போது பார்க்கலாம் என மறுக்கிறார் ஹரிஹரன். இதனை அன்பின்மையாகக் கொள்வது பொருந்தாது. பிழைப்பு தேடிச் செல்பவரின் நடைக்கும் காணச் செல்பவனின் நடைக்கும் உள்ள வேறுபாடு அது. முதல் நடையில் மகன் பின்தங்கியதன் காரணமும் இதுவே.

இறுதியில் குடும்பம் காசிக்குப் புறப்படுகையில் தந்தையே மகனை ரயிலேற்றிச் செல்கிறார். அப்போது துர்கா உயிருடன் இல்லை. முயல் ஓடிய புதர்வெளியும் பின்தங்கிவிடுகிறது. அன்று ஒத்திவைக்கப்பட்ட காட்சி, அதனைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவள் மறைந்தபின் கிடைக்கிறது. உடன்பிறப்புகளின் ஓட்டத்தை மட்டும் நினைவிற்கொள்ளும் வாசிப்பு, தந்தையுடன் நடந்த இவ்விரு நடைகளையும் அவற்றின் துயரத்தையும் தவறவிடுகிறது.