பேச்சுத் தமிழ்ப் பாடநூல்கள்: கேட்போர் நோக்கில் ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் மொழியை இரண்டாம் மொழியாகக் கற்போர், ஒரு மொழியின் பெயரால் இரண்டைக் கற்க நேர்கிறது. பின்னிய மொழியில் ‘நான் இருக்கிறேன்’ என்பதை ‘மினா ஒலென்’ எனப் படித்தவர், ஹெல்சிங்கியில் ‘மா ஓன்’ என்பது போன்ற ஒலியையே கேட்கிறார். தமிழில் இவ்விடைவெளி இன்னும் அகன்றது. 1959இல் பெர்குசன் விளக்கிய இரட்டை வழக்குக்குத் தமிழும் சான்றாகக் காட்டப்படுகிறது.

இந்நிலையை மு. சண்முகம் பிள்ளையின் ‘ஸ்போக்கன் தமிழ்’ (1965, 1968), மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வெளியிட்ட எஸ். இராஜாராமின் செறிபயிற்சி நூல் (1979), ஷிஃப்மனின் பேச்சுத் தமிழ் இலக்கணம் (1999), இ. அண்ணாமலையும் ஆஷரும் எழுதிய ‘கலோக்கியல் தமிழ்’ (2002) ஆகியன எதிர்கொண்டன. பேச்சு வழக்குக்கும் இலக்கணம் உண்டு என்பதை நிலைநாட்டியது இம்மரபின் பெரும்பணி. எனினும் எழுத்து வடிவிலிருந்து ஒலி விதிகளால் பேச்சு வடிவை வருவிக்கும் முறை வகுப்பறைகளில் இன்றும் செல்வாக்குடன் விளங்குகிறது. அம்முறையின் எல்லையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. விதிகளின் எல்லை

‘படித்தேன்’ ‘படிச்சேன்’ ஆகும். ‘வைத்தேன்’ ‘வச்சேன்’ ஆகும். இகர ஐகாரங்களை அடுத்த தகரம் சகரமாகிறது என விதி கூறலாம். ஆனால் ‘விற்றான்’ ‘வித்தான்’ என நிற்கிறதேயன்றி ‘விச்சான்’ ஆவதில்லை. ‘சித்தி’, ‘பித்தளை’ ஆகியனவும் மாறுவதில்லை. விதிகளின் வரிசை கொண்டும் உருபனியல் வரையறை கொண்டும் மொழியியலார் இவற்றை விளக்குவர். பேச வாய் திறக்கும் மாணவருக்கு அவ்விளக்கம் காலத்தில் உதவாது.

கேட்கும் திசையில் இடர் மிகும். ‘அவ வந்தா’ என்பதில் ‘வந்தாள்’ உள்ளது. ‘அவ வந்தா சொல்லு’ என்பதில் ‘வந்தால்’ உள்ளது. ‘காத்து’ என்பது ‘காற்று’ம் ஆகும், ‘காத்து’ம் ஆகும். எழுத்திலிருந்து பேச்சுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் ஒன்று. திரும்பும் வழியோ பல.

3. மரியாதை வழக்கு

ஒலி விதி முற்றிலும் கைவிடும் இடம் மரியாதை வழக்காகும். எழுத்து வழக்கில் ‘அவர்’ இருபாற்கும் பொது. ‘அம்மா வந்தார்’ என்பதை விதிப்படி மாற்றினால் ‘அம்மா வந்தாரு’ என்றாகும். பொது வழக்கிலோ ‘அம்மா வந்தாங்க’ என்பதே இயல்பு. இது ஒலித்திரிபன்று, வேறொரு தேர்வு.

பின்னியப் பேச்சு இதற்கு ஓர் எதிர்நிலைச் சான்று. அங்கு எழுத்து வழக்கில் அஃறிணைக்கு உரிய ‘செ’ என்னும் பெயர், பேச்சில் மனிதரையும் இழிவின்றிச் சுட்டும். அதனை ‘அது’ எனத் தமிழாக்கினால் மூலத்தில் இல்லாத அவமதிப்பு புகும். ஆதலின் வடிவத்தோடு அதன் சமூக மதிப்பையும் அறிவது மாணவர்க்கு மட்டுமன்றி மொழிபெயர்ப்பாளர்க்கும் இன்றியமையாதது.

4. முடிவுரை

மைசூரிலுள்ள தென்மண்டல மொழி மையத்தில் பிற மாநில ஆசிரியர்கள் பத்து மாதம் தமிழ் பயில்கின்றனர். வகுப்பறைக்கு வெளியே அவர்கள் பெரிதும் கேட்பது கன்னடம். எனவே பாடநூல் தரும் பேச்சே அவர்களுக்குத் தமிழ்ப் பேச்சு. அதன் குறை அவர்தம் மாணவரையும் சேரும். ஆகவே ஒலி விதிகளை விளக்கமாக வைத்துக்கொண்டு, கேட்டுப் பொருள் கொள்ளும் பயிற்சியையும் மரியாதை வழக்கையும் பாடத்தின் தொடக்கத்திலேயே அமைத்தல் வேண்டும். பேச்சு வடிவை எழுத்து வடிவின் சிதைவாகக் காட்டாமல், தனக்கெனத் தேர்வுகள் உடைய வழக்காகக் கற்பித்தலே முறை.